ஹீட்டர் வாங்கப் போறீங்களா? முதலில் வாளியை எண்ணுங்கள்



மழைக்காலம் தொடங்கினால் எல்லா லயத்திலும் ஒரே பேச்சுதான்: சுடுதண்ணி. கொழுந்து மலையில் நாள் முழுக்க நனைந்து, அட்டைக் கடியோடு வீடு திரும்பும் தாய்மாருக்கு ஒரு வாளி சுடுதண்ணி கிடைத்தால் அதுவே பாதி மருந்து. வயதான தாத்தா பாட்டிமார், கைக்குழந்தை, பிள்ளை பெற்ற தாய் இவர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை, அவசியம்.

இப்போது கொழும்பிலும் கண்டியிலும் வேலை செய்யும் பிள்ளைகள் வீட்டுக்கு ஹீட்டர் வாங்கிக் கொடுக்க ஆசைப்படுகிறார்கள். தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் சிலர் தவணைக்கு எடுக்கிறார்கள். நல்ல விசயம். ஆனால் கடைக்குப் போய் "எங்க வீட்டில ஆறு பேர், ஒரு ஹீட்டர் குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் பெரியதாகப் பார்த்துத்தான் காட்டுவார். அவர் மேல் தப்பில்லை. உங்கள் வீட்டில் எந்த நேரம் எத்தனை வாளி போகிறது, உங்கள் வயர் எவ்வளவு தாங்கும், மாதம் எத்தனை யூனிட் எரிகிறது என்பது அவருக்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும். அதைக் கணக்குப் பார்ப்பது எப்படி என்பதே இந்த இதழின் பாடம். ஐந்தாம் வகுப்புக் கணக்குத் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் போதும். கொப்பியும் பென்சிலும் எடுத்துக் கொண்டு உட்காருங்கள்.

1. வாளியை அளந்து வையுங்கள்

குளிக்கும் வாளி எல்லா வீட்டிலும் ஒரே அளவு இல்லை. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் ஒன்றை எடுத்துத் தண்ணீர் நிரப்பி வாளியில் ஊற்றி எண்ணுங்கள். 10 போத்தல் பிடித்தால் அது 15 லீற்றர் வாளி. இந்தப் பாடம் முழுக்க ஒரு வாளி என்றால் 15 லீற்றர் என்றே வைத்துக் கொள்வோம்.

ஒரு பெரிய ஆள் வாளியில் மொண்டு குளித்தால் ஒரு வாளி இளஞ்சூட்டுத் தண்ணி போதும். தலை முழுகும் நாளில் இரண்டு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அரை வாளி. கைக்குழந்தைக்கு அரை வாளியும் மிச்சம். ஷவரில் நின்றால் கணக்கு மாறும். சாதாரண ஷவரில் நிமிடத்துக்கு 6 முதல் 10 லீற்றர் வரை ஓடும். ஐந்து நிமிடம் நின்றால் இரண்டு மூன்று வாளி போய்விடும். ஆகவே வாளிக் குளிப்பா ஷவரா என்பதை முதலில் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

2. மணிக்கு மணி எழுதுங்கள்

நாள் முழுக்க எத்தனை வாளி என்பது கரண்ட் பில்லைச் சொல்லும். ஆனால் ஹீட்டர் எத்தனை லீற்றர் வாங்க வேண்டும் என்பதைச் சொல்வது, ஒரே நேரத்தில் எத்தனை வாளி வேணும் என்பதுதான். இரண்டும் வேறு வேறு கணக்கு. இதைப் பிரித்துப் பார்க்காதபடியால்தான் சிலர் தேவைக்கு மேலே பெரியதை வாங்குகிறார்கள். சிலர் சின்னதை வாங்கிவிட்டுக் கடைசி ஆள் பச்சைத்தண்ணியில் குளிக்கிறார்.

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுப்போம். பாட்டி, அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், இரண்டு வயதுச் சின்னப் பிள்ளை ஒன்று. ஆக ஆறு பேர்.

காலை 5.00 முதல் 6.30 வரை: பள்ளிப் பிள்ளைகள் இருவருக்கும் அரை அரை வாளி. அம்மா பெரட்டுக்குப் போகுமுன் முகம் கழுவ, பாத்திரம் கழுவ அரை வாளி. மொத்தம் ஒன்றரை வாளி.

காலை 10.00 முதல் 11.00 வரை: பாட்டிக்கு ஒரு வாளி, சின்னப் பிள்ளைக்கு அரை வாளி. மொத்தம் ஒன்றரை வாளி.

மாலை 5.00 முதல் 6.30 வரை: அம்மாவுக்கு ஒரு வாளி, அப்பாவுக்கு ஒரு வாளி, பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து ஒரு வாளி. மொத்தம் மூன்று வாளி.

ஒரு நாளைக்கு 6 வாளி, அதாவது 90 லீற்றர். ஆனால் நெருக்கடியான நேரம் மாலைதான். அப்போதும் 3 வாளி, 45 லீற்றர். இந்த மூன்று வாளியைச் சமாளிக்கிற ஹீட்டர் இருந்தால் இந்தக் குடும்பத்துக்குப் போதும். "ஆறு பேர்" என்று கேட்டு வாங்குவதற்கும் "ஒரே நேரத்தில் மூணு வாளி" என்று கேட்டு வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் உங்கள் பணம்.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு வாரம் எழுதுங்கள். மழை வாரத்தில் ஒரு தரமும் வெயில் வாரத்தில் ஒரு தரமும் எழுதினால் இன்னும் நல்லது. ஏப்ரல் வெயிலில் சுடுதண்ணி கேட்பவர் பாட்டியும் குழந்தையும் மட்டுமாகத்தான் இருக்கும். பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாதம் கூடுதலாகத் தேவைப்படும். அது ஒரு மாதத் தேவை. அதற்காகப் பல வருசம் வைத்திருக்கப் போகும் ஹீட்டரைப் பெரியதாக வாங்க வேண்டியதில்லை. அந்த மாதத்துக்கு அடுப்பில் ஒரு அண்டா கூட வைத்தால் சரி.

3. உங்கள் தண்ணி எவ்வளவு குளிர்?

குளிக்க நல்ல சூடு ஏறக்குறைய 40 பாகை செல்சியஸ். ஆனால் எங்கிருந்து 40க்கு ஏற்ற வேண்டும் என்பது உங்கள் தோட்டம் இருக்கும் உயரத்தைப் பொறுத்தது. கண்டிப் பட்டணம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர். நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர். 1,000 மீற்றர் ஏறினால் 6 பாகைக்கு மேல் குளிர் கூடும். அதனால்தான் பட்டணத்தில் மின்விசிறி சுழலும்போது ஹந்தானை, தெல்தோட்டை, லூல்கந்துர, றங்கலைப் பக்கம் மேல் டிவிசன்களில் கம்பளி போர்த்துகிறோம்.

பீலித் தண்ணி 20 பாகை என்று வைத்துக் கொண்டால் 20 பாகை ஏற்ற வேண்டும். பட்டணத்துப் பக்கம் தண்ணி 24 பாகை இருந்தால் 16 பாகை ஏற்றினால் போதும். நுவரெலியாப் பக்கம் 15 பாகை என்றால் 25 பாகை ஏற்ற வேண்டும். ஆகவே அங்கே இருக்கும் மச்சான் சொன்ன ஹீட்டர் கண்டிக்குப் பொருந்தும் என்று நினைக்காதீர்கள்.

சரியாக அளந்து பார்க்க ஆசை என்றால், பெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வெப்பமானி இருக்கும். டீமேக்கர் ஐயாவிடம் கேட்டால் காலையில் பிடித்த ஒரு கோப்பைத் தண்ணியின் குளிரைப் பார்த்துச் சொல்வார்.

4. ஒரு வாளிக்கு எத்தனை யூனிட்?

ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். ஒரு யூனிட் கரண்ட் 860 லீற்றர் தண்ணியை 1 பாகை சூடாக்கும். ஆகவே லீற்றரைப் பாகையால் பெருக்கி 860ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும்.

15 லீற்றர் × 20 பாகை = 300. அதை 860ஆல் வகுத்தால் 0.35 யூனிட். அதாவது மூன்று வாளிக்கு ஒரு யூனிட். ஒரு நாளைக்கு ஒரு வாளி என்றால் மாதத்துக்குப் பத்தரை யூனிட். தண்ணி 24 பாகை உள்ள இடத்தில் மாதம் எட்டரை யூனிட் அளவில் முடியும். 15 பாகைத் தண்ணி என்றால் 13 யூனிட் ஆகும்.

எந்தக் கம்பெனி கொயில் ஹீட்டர் என்றாலும் இந்தக் கணக்குக்குக் கீழே கரண்ட் எடுக்க முடியாது. 15 லீற்றர் தண்ணிக்கு 20 பாகை சூடு வேணும் என்றால் அந்தச் சூட்டுக்கு உரிய கரண்டை எப்படியும் கொடுக்கத்தான் வேண்டும். "பாதி கரண்டில் வேலை செய்யும்" என்று யாராவது சாதாரண கொயில் ஹீட்டரைக் காட்டிச் சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

5. இப்போது பில்லை எடுங்கள்

கரண்டில் எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை இல்லை. மாதம் 30, 60, 90 என்று படி படியாக விலை ஏறும். கட்டணம் அடிக்கடி மாற்றப்படுவதால் ரூபாய்க் கணக்கை இங்கே எழுதவில்லை. உங்கள் கடைசி பில்லில் உள்ளதைப் பாருங்கள். முக்கியமாக, மாதம் 60 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்குத் தனி அட்டவணை, அதைத் தாண்டும் வீட்டுக்கு வேறு அட்டவணை என்ற முறை பல வருசமாக இருந்து வருகிறது. 60ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் யூனிட்டில் இருந்தே விலை கூடும்.

நாம் பார்த்த குடும்பம் விளக்கு, டீவி, அயன், போன் சார்ஜ் என்று மாதம் 45 யூனிட் எடுக்கிறது என்று வைப்போம். ஆறு வாளியையும் கரண்டில் சூடாக்கினால் 63 யூனிட் சேரும். மொத்தம் 108. பில் இரண்டு மடங்காகும் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை, அதற்கும் மேலே போகும்.

ஒரு வாளியை மட்டும் கரண்டில் சூடாக்கினால்? 45உம் பத்தரையும் 55.5 யூனிட். 60க்குள் நிற்கிறது. ஒன்றரை வாளி என்றால் 60.75. முக்கால் யூனிட்டால் மேலே தாவிவிடும். ஆக, இந்தக் குடும்பத்துக்குப் பழைய அட்டவணைக்குள் நிற்க வேண்டுமானால் கரண்டில் ஒரு நாளைக்கு ஒரு வாளிதான் இடம் இருக்கிறது. அந்த ஒரு வாளி யாருக்கு? பகலில் எல்லோரும் மலைக்குப் போன பிறகு தனியாக இருக்கும் பாட்டிக்கா, விடியற்காலையில் பிள்ளைகளுக்கா? இது ஒவ்வொரு வீட்டுக்காரரும் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. மற்ற வாளிகளுக்கு அடுப்பு இருக்கிறது.

6. அடுப்பையும் கணக்கில் சேருங்கள்

விறகு சும்மா கிடைக்கிறது என்று சொல்வார்கள். அது அம்மாமாரின் முதுகில் ஏறி வருகிறது என்பதை மறந்து விடுகிறோம். கவ்வாத்து வெட்டிய மிலாறு, சவுக்குக் கிளை எதுவாக இருந்தாலும் நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் ஏறக்குறைய 4 யூனிட் அளவு சூடு இருக்கிறது. ஆனால் மூன்று கல் அடுப்பில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடத்தான் பானைக்குப் போகும். மீதி எல்லாம் சுவருக்கும் புகைக்கும் போகும். ஆகவே ஒரு வாளிக்கு முக்கால் கிலோ விறகு ஆகும். ஆறு வாளிக்கு நாளைக்கு நாலரைக் கிலோ, மாதத்துக்கு 135 கிலோ. ஒரு தலைச்சுமை 20 கிலோ என்றால் மாதம் ஏழு சுமை. குளிப்புத் தண்ணிக்கு மட்டும்! ஈர விறகானால் இன்னும் கூடும், புகையும் கூடும். அந்தப் புகையைக் குடிப்பது அடுப்பங்கரையில் இருக்கும் தாயும் அவள் இடுப்பில் இருக்கும் பிள்ளையும்தான்.

இதற்கு ஒரு வழி அனகி அடுப்பு. இலங்கையிலேயே உருவாகி 1980களின் பிற்பகுதியிலிருந்து பரவிய களிமண் அடுப்பு இது. ஒரு வாயில் விறகு வைத்தால் இரண்டு பானை வைக்கலாம். முன் பானையில் சோறு வேகும்போது பின் பானையில் தண்ணி சூடாகும். சோற்றுக்கு எரிக்கும் அதே விறகில் குளிப்புத் தண்ணியும் கிடைத்தால் அது லாபம்தானே? மாலையில் சோறு வைக்கும் நேரமும் குளிக்கும் நேரமும் ஒன்றாக இருப்பதால் நமது லயத்து வாழ்க்கைக்கு இது நன்றாகப் பொருந்தும். பானைக்கு மூடி போடுங்கள். மூடி போடாத பானையில் சூடு ஆவியாகப் போகும்.

இன்னொரு சின்ன விசயம். ஒரு வாளியையும் முழுதாகச் சூடாக்க வேண்டியதில்லை. 4 லீற்றர் தண்ணியைக் கொதிக்க வைத்து 11 லீற்றர் பச்சைத்தண்ணியில் கலந்தால் 40 பாகையில் ஒரு வாளி வந்துவிடும். கரண்ட் கேத்தல் உள்ள வீட்டில் இரண்டு கேத்தல் கொதி தண்ணி ஒரு வாளிக்குச் சரி. பாட்டிக்கு ஒரு வாளி மட்டும் வேணும் என்ற வீட்டுக்குத் தனியாக ஹீட்டரே தேவையில்லை. ஆனால் எப்போதும் முதலில் பச்சைத்தண்ணியை வாளியில் ஊற்றி, அதற்குப் பிறகு கொதி தண்ணியை ஊற்றுங்கள். கொதி தண்ணி உள்ள வாளிக்குள் பிள்ளை கையை விட்ட கதைகள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு.

காஸ் அடுப்பில் செய்தால் ஒரு வாளிக்கு ஏறக்குறைய 50 கிராம் காஸ் போகும். 12.5 கிலோ சிலிண்டர் 250 வாளிக்கு வரும். நாளைக்கு ஆறு வாளி என்றால் 41 நாள், குளிப்புக்கு மட்டும்.

எந்த ஒன்றையும் மட்டும் நம்பி மற்றதைக் கைவிடாதீர்கள். 2022இல் கரண்ட் மணிக்கணக்காக நின்றது, காஸ் வரிசை நீண்டது, 87 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஆகஸ்ட் மாதம் 340 ரூபாயானது. விறகடுப்பை உடைத்துப் போடாமல் வைத்திருந்த வீடுகள்தான் அன்று தப்பின. ஹீட்டர் வந்தாலும் அடுப்பு இருக்கட்டும்.

7. ஹீட்டரில் என்ன வகை?

தொட்டி உள்ள கீசர்: 15, 30, 50 லீற்றர் என்று வரும். இதில் தண்ணி 60 பாகைக்குச் சூடாகும். அதோடு பச்சைத்தண்ணி கலந்து குளிப்பதால் 30 லீற்றர் கீசர் கணக்குப்படி 4 வாளி கொடுக்க வேண்டும். எடுக்க எடுக்க உள்ளே பச்சைத்தண்ணி வந்து சேருவதால் 3 வாளி நிச்சயம் என்று வையுங்கள். ஒரு தரம் நிரம்பச் சூடாக்க 1.4 யூனிட். 1,500 வாட் கொயில் என்றால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் பிடிக்கும். 15 லீற்றர் கீசர் ஒன்றரை வாளி கொடுக்கும், அரை மணித்தியாலத்தில் மறுபடி சூடாகும். நமது உதாரணக் குடும்பத்தில் அம்மா குளித்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, அரை மணித்தியாலம் கழித்து அப்பா குளிப்பதென்றால் 15 லீற்றர் கீசரே போதும். 50 லீற்றர் வாங்கினால் தினமும் சும்மா இருக்கும் தண்ணியையும் சேர்த்துச் சூடாக்குவார்கள். கீசரை நாள் முழுக்கப் போட்டு வைக்காதீர்கள். குளிக்கும் முன் போட்டு, போதுமானதும் நிறுத்துங்கள்.

உடனடி ஷவர் ஹீட்டர்: தொட்டி இல்லை. தண்ணி ஓடும்போதே சூடாகும். ஆனால் பெரிய கரண்ட் எடுக்கும். 3,500 வாட் ஹீட்டர் நிமிடத்துக்கு 2.5 லீற்றர் தண்ணியைத்தான் 20 பாகை ஏற்றும். ஒரு வாளி நிரம்ப 6 நிமிடம். இதற்கு 15 அம்பியருக்கு மேல் கரண்ட் ஓடும். 5,500 வாட் என்றால் 24 அம்பியர். மேலும் இதற்குத் தண்ணி வேகமாக வர வேண்டும். மேட்டில் உள்ள தொட்டியிலிருந்து மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாக வரும் லயங்களில் பல நேரம் இது வேலை செய்யாது.

தண்ணிக்குள் போடும் கொயில்: விலை குறைவு, ஆபத்து அதிகம். 1,000 வாட் கொயில் ஒரு வாளியை 20 நிமிடத்தில் சூடாக்கும். கரண்ட் போட்டிருக்கும்போது தண்ணியில் விரல் வைத்துப் பார்க்கவே கூடாது. சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

காஸ் ஹீட்டர்: குளியலறைக்குள் பூட்டக் கூடாது. அடைத்த அறையில் காஸ் எரிந்தால் வரும் காபன் மொனொக்சைட் புகைக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்து எழும்பாமலே போகலாம்.

சூரிய ஹீட்டர்: கரண்ட் செலவு இல்லை, ஆனால் முதல் போடும் பணம் அதிகம். 150 லீற்றர் தொட்டி என்றால் தண்ணி மட்டும் 150 கிலோ. பழைய லயத்துத் தகரக் கூரை இதைத் தாங்காது, கூரையில் கை வைக்கத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். 7 பேர்ச் காணியில் கட்டிய புது வீட்டுக்காரர்கள் யோசிக்கலாம், ஆனால் கூரை தாங்குமா என்று மேசனாரிடம் கேட்டுவிட்டு. மழை, மூடுபனி நாட்களில் சூடு குறையும். செலவில்லாத வழியும் உண்டு: கறுப்புப் பெயின்ற் அடித்த பீப்பாயில் தண்ணி நிரப்பி வெயிலில் வைத்தால் மாலையில் குளிர் விட்டிருக்கும். ஆனால் மருந்து, களைநாசினி வந்த பீப்பாயை இதற்கு எடுக்கவே கூடாது. எத்தனை தரம் கழுவினாலும் கூடாது.

8. வயர் தாங்குமா?

இதுதான் மிக முக்கியமான கேள்வி. லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் அடுத்த காம்பராவுக்கும் போகும். உங்கள் வயர் உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை.

வாட்டை 230ஆல் வகுத்தால் அம்பியர் கிடைக்கும். 1,500 வாட் கீசர் ஆறரை அம்பியர். ஆனால் விளக்குக்கும் ரேடியோவுக்கும் போட்ட பழைய வட்டப்பின் 5 அம்பியர் பிளக் 1,150 வாட் வரைதான் தாங்கும். அதில் கீசரையோ கேத்தலையோ மாட்டினால் பிளக் சூடேறும், கறுக்கும், பிறகு உருகும். பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த வயரில், பல பிளக் மாட்டும் நீட்டு வயரில் ஹீட்டர் மாட்டவே கூடாது.

ஹீட்டருக்குத் தனியான வயர், தனியான பிரேக்கர், சரியான ஏர்த் வேண்டும். டிரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் ஹீட்டர் பூட்டாதீர்கள். இருந்தால் மாதம் ஒரு தரம் அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரி. வேலையைச் சான்றிதழ் உள்ள மின்னியலாளரிடம் கொடுங்கள்.

நீண்ட கம்பியின் கடைசியில் இருக்கும் லயங்களில் மாலையில் விளக்கு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 230 வோல்ட் 200 ஆகக் குறைந்தால் ஹீட்டரின் பலம் நாலில் மூன்று பங்காகும். ஒரு மணித்தியாலத்தில் சூடாக வேண்டியது ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். ஹீட்டர் பழுது என்று கடைக்குத் தூக்கிப் போகுமுன் இதை யோசியுங்கள்.

9. சுடுதண்ணி சுடவும் செய்யும்

60 பாகைத் தண்ணி பெரியவர் தோலையே சில விநாடியில் வேக வைக்கும். பிள்ளைக்கும் வயதானவருக்கும் தோல் மெல்லியது, அதைவிடச் சீக்கிரம் சுடும். கீசருக்குள் தண்ணி 60 பாகையில் இருப்பது கிருமி வளராமல் இருக்க நல்லது. வாளியில் கலந்து 40க்குக் குறைத்த பிறகே உடம்பில் பட வேண்டும். குழந்தைக்கு 37 பாகை போதும். உங்கள் முழங்கையை வைத்துப் பாருங்கள். சூடும் இல்லை குளிரும் இல்லை என்று தெரிந்தால் சரி.

சுட்டுவிட்டால் உடனே ஓடும் பச்சைத்தண்ணியில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, தேங்காய் எண்ணெய், மஞ்சள் எதுவும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் மூடி தோட்ட வைத்திய நிலையத்துக்குக் கொண்டு போங்கள்.

கீசர் தண்ணியைக் குடிக்கவோ குழந்தைக்குப் பால்மா கரைக்கவோ எடுக்காதீர்கள். குடிக்கும் தண்ணி தனியாகக் கொதிக்க வேண்டும். கீசரில் உள்ள பாதுகாப்பு வால்வைச் சொட்டுகிறது என்று அடைத்து விடாதீர்கள். அழுத்தம் கூடினால் வெளியே விடத்தான் அது இருக்கிறது.

கடைக்குப் போகுமுன் கொப்பியில் இருக்க வேண்டியவை

ஒன்று: ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை வாளி?
இரண்டு: நெருக்கடி நேரத்தில் எத்தனை வாளி?
மூன்று: இப்போது மாதம் எத்தனை யூனிட்? 60க்கு எவ்வளவு இடம் இருக்கிறது? (ஒரு வாளிக்கு மாதம் பத்தரை யூனிட்)
நாலு: எத்தனை வாளியை அடுப்பில் சமாளிக்கலாம்?
ஐந்து: தனி வயர், ஏர்த், டிரிப் சுவிட்ச் இருக்கிறதா?
ஆறு: தவணைப் பணமும் கூடப்போகும் பில்லும் சேர்ந்தால் மாதம் எவ்வளவு? சம்பளத்தில் அதற்கு இடம் இருக்கிறதா?

இந்த ஆறுக்கும் பதில் எழுதிய பிறகு பார்த்தால் சில வீடுகளுக்கு 15 லீற்றர் கீசர் சரியாக இருக்கும். சில வீடுகளுக்கு ஒரு கேத்தலும் அனகி அடுப்பும் போதுமாக இருக்கும். சில வீடுகளுக்கு ஹீட்டர் பணத்தை முதலில் வயரிங்குக்குப் போடுவதுதான் புத்தி. அந்த வயரிங் நாளைக்கு ஹீட்டருக்கும் உதவும், இன்றைக்குப் பிள்ளைகளின் உயிருக்கும் உதவும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு கணக்கு: ஒரு வீட்டில் நாலு பேர். காலையில் இரண்டு வாளி, மாலையில் இரண்டு வாளி. இப்போது மாதம் 38 யூனிட் எடுக்கிறார்கள். தண்ணி 20 பாகை. 60ஐத் தாண்டாமல் ஒரு நாளைக்கு எத்தனை வாளியைக் கரண்டில் சூடாக்கலாம்? (விடை: இரண்டு வாளி. 38உம் 21உம் 59 யூனிட். மற்ற இரண்டு வாளிக்கு அடுப்பு.)

உங்கள் வீட்டுக் கணக்கை எழுதிய கொப்பியையும் கடைசி கரண்ட் பில்லையும் எடுத்துக் கொண்டு உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம். பணம் கட்டுவதற்கு முன்னால் வாருங்கள். கட்டிய பிறகு வந்தால் எங்களால் ஆறுதல்தான் சொல்ல முடியும்.